ஐந்து மில்லி

எங்கள் சபையில் பேச விரும்புகிறவர்கள் கையைத் தூக்குவதில்லை. மேசைமேல் அகலவாட்டில் இருக்கும் நாட்டின் பெயர்ப்பலகையை எடுத்து நெடுக்காக நிறுத்தி வைப்போம். தலைவர் பார்த்துக் குறித்துக்கொள்வார், முறை வரும்போது கூப்பிடுவார். ஒரு பலகையும் நிற்கவில்லை என்றால் எல்லாருக்கும் சம்மதம் என்று பொருள், சுத்தியல் விழும். ஓட்டெடுப்பு எல்லாம் கிடையாது. ஒரே ஒரு பலகை பிடிவாதமாக நின்றால் போதும், அந்தக் காரியம் அங்கேயே நின்றுவிடும்.

நான் பிரெபென். டென்மார்க் பலகைக்குப் பின்னால் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஜூலையில் ஒரு வாரம், டிசம்பரில் ஒரு வாரம், ஜெனீவா. என்ன வேலை என்று யாராவது கேட்டால் என் மனைவி முந்திக்கொண்டு, "டப்பாவுல லேபிள் ஒட்டுறாரு" என்று சொல்லிவிடுவாள். அதில் தப்பில்லை. ஒரு பீப்பாயில் அமிலம் இருந்தால், அதை ஒசாகாவில் நிரப்பினாலும் ரோட்டர்டாமில் நிரப்பினாலும் அதன்மேல் ஒரே குறி இருக்க வேண்டும். சிவப்பு விளிம்பிட்ட சாய்சதுரம், உள்ளே திரவம் சொட்டி அரித்த கை. எந்த மொழியும் படிக்கத் தெரியாத மூட்டை தூக்குகிறவருக்கும் அது புரிய வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரே பீப்பாய்க்கு ஒரு துறைமுகத்தில் நஞ்சு என்று பெயர், அடுத்த துறைமுகத்தில் லேசான எரிச்சல் தரக்கூடியது என்று பெயர், மூன்றாவதில் பெயரே கிடையாது. அதை ஒழுங்குபடுத்தத்தான் இத்தனை நாடுகள் கூடி இத்தனை வருஷமாக மாரடிக்கிறோம்.

பெரித் நார்வேக்காரி. குதிரை லாடம் போல வளைந்த எங்கள் மேசையில் எனக்கு நேர் எதிரே அவள் இடம். ஏறக்குறைய என் வயதுதான். அவள் பேசுவது எனக்குப் புரியும், நான் பேசுவது அவளுக்குப் புரியும், புரியாதது போல நடிப்பாள். டேனிஷ்காரர்கள் வெந்த உருளைக்கிழங்கை வாயில் அடக்கிக்கொண்டு பேசுகிறார்கள் என்று நார்வேயில் ஒரு கேலி உண்டு. அதை ஒரு கூட்டத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

ஆறு வருஷமாக அவள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கொண்டுவந்துகொண்டிருந்தாள். சின்னச் சின்ன புட்டிகளை ஓர் அட்டைப்பெட்டிக்குள் போட்டு விற்றால், பெட்டியின் மேல் அபாயக் குறி இருந்தால் போதும், உள்ளே இருக்கும் புட்டிமேல் வேண்டாம் என்று நாங்கள் பழைய காலத்தில் விட்டுவைத்திருந்தோம். இடம் போதாது என்பதுதான் காரணம். பெரித் அதை மாற்றச் சொன்னாள். எவ்வளவு சிறிய புட்டியாக இருந்தாலும் அந்தச் சாய்சதுரம் மட்டும் புட்டியின் மேலேயே இருக்க வேண்டும், எழுத்தே வேண்டாம், படம் போதும் என்றாள். புட்டி நிரப்புகிறவர்களின் சங்கங்கள் முனகின. இயந்திரத்தை மாற்ற வேண்டும், கட்டைவிரல் அளவு புட்டியில் என்னத்தை ஒட்டுவது என்று கேட்டன. எங்கள் நாட்டிலும் அப்படி நிரப்புகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு தடவையும் தலைநகரத்திலிருந்து எனக்கு ஒரே உத்தரவுதான் வரும். பத்து மில்லிக்குக் குறைந்த புட்டிக்கு விலக்கு வேண்டும், அதற்குக் கீழே இறங்காதே.

நானும் இறங்கவில்லை. பதினொரு கூட்டங்களில் அவள் பேசி முடித்தவுடன் என் பலகை நிற்கும். அரங்கில் அவளுக்குப் 'புட்டிக்காரி' என்று ஒரு பெயர் விழுந்திருந்தது. அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். அவளுக்கும் அது தெரியும்.

பன்னிரண்டாவது கூட்டம் இந்த டிசம்பரில். இரண்டு வருஷத் தவணையின் கடைசிக் கூட்டம் இது. இதில் நிறைவேறியது புத்தகத்தில் ஏறும், ஏறாதது அடுத்த தவணைக்குப் போகும். அடுத்த தவணையில் பெரித் இருக்கமாட்டாள். ஜனவரியிலிருந்து அவளைக் குடிநீர்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அவள் இடத்துக்கு வருகிறவருக்குப் புட்டியில் அக்கறை இருக்குமா என்று கேட்டதற்கு, "அவனுக்கு வெடிபொருள்னா உசிரு. புட்டியைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்" என்று அவளே சொன்னாள். ஆக இப்போது இல்லையென்றால் இந்த விஷயத்தை எடுத்துப் பேச ஆளே கிடையாது. எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை காலை அவள் எழுதிக் கொடுத்திருந்த முன்மொழிவு விவாதத்துக்கு வந்தது. வழக்கம்போல அவள் பேசினாள், வழக்கம்போல நான் பலகையை நிறுத்தினேன். இந்தத் தடவை வேறு யாரும் நிறுத்தவில்லை. பெரித் ஆறு வருஷமாக ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசித் தீர்த்திருந்தாள். மிச்சம் இருந்தவன் நான் ஒருவன்தான் என்று தோன்றியது.

தலைவர் ஃபின்பார் அயர்லாந்துக்காரர். பார்த்தால் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் மாதிரி இருப்பார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்கள் இருவரையும் பார்த்தார்.

"டென்மார்க், நார்வே, ரெண்டு பேரும் போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்க. பதினஞ்சு நிமிஷம் தர்றேன். வரும்போது ஒரே எண்ணோட வாங்க. ரெண்டு எண்ணோட வந்தா மொத்தத்தையும் அடைப்புக்குறிக்குள்ள போட்டு மூட்டை கட்டிருவேன், என்னைத் திட்டக்கூடாது."

அடைப்புக்குறி என்றால் எங்களுக்குச் சாவுமணி. உடன்பாடு ஆகாத வரிகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு அடுத்த தவணைக்குத் தள்ளுவோம். உள்ளே போனதில் பாதி திரும்பி வந்ததே இல்லை.

காப்பிக்கடைக்கு வெளியே கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் புல்வெளியில் ஒரு மயில் குளிரில் ஒடுங்கி நின்றது. இந்த இடத்தில் மயில்கள் உண்டு, யாரும் கண்டுகொள்வதில்லை. பெரித் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுப்பா பிரெபென். உங்க ஊர் என்ன சொல்லுது? அதே பத்துதானா?"

"பத்துதான்."

"என்னோடது பூஜ்யம்னு உனக்குத் தெரியும்."

"பூஜ்யம்னு ஒரு எண்ணை எடுத்துக்கிட்டு நான் ஊர் போய்ச் சேர முடியாது. நீயும் வெறுங்கையோட போக விரும்பமாட்டே. நடுவுல எங்கயாவது வா."

"எங்க வரணும்? சொல்லு."

நான் காப்பியை ஒரு வாய் குடித்தேன். கொஞ்சம் விட்டுக்கொடுக்க எனக்குச் சொந்த அதிகாரம் உண்டு, எவ்வளவு என்று தலைநகரத்தில் யாரும் வரையறுக்கவில்லை. பெருந்தன்மையாகத் தோன்ற வேண்டும், அதே சமயம் ஊரில் திட்டு வாங்கக் கூடாது.

"அஞ்சு" என்றேன்.

அவள் மறுபடி மயிலைப் பார்த்தாள். கையிலிருந்த காகிதக் கோப்பையின் விளிம்பை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்தாள். பேரம் பேசப் போகிறாள், மூன்று என்பாள், நான்கில் முடியும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நான்கில் முடிந்திருந்தால்கூட நான் தலையாட்டியிருப்பேன்.

"சரி" என்றாள்.

அவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்கு ஒரே சந்தோஷம். உள்ளே போய் ஒரே எண்ணைச் சொன்னோம். ஐந்து மில்லியும் அதற்கு மேலும் உள்ள எல்லாப் புட்டிகளிலும் குறி கட்டாயம், அதற்குக் கீழே விலக்கு. ஃபின்பார் அரங்கைச் சுற்றிப் பார்த்தார். பலகை எதுவும் நிற்கவில்லை. சுத்தியலைத் தட்டினார். நாலைந்து பேர் கைதட்டினார்கள், எங்கள் சபையில் அது ஊர்வலம் விட்ட மாதிரி. பெரித் எழுந்து நின்று ஒரு தடவை தலை குனிந்துவிட்டு உட்கார்ந்தாள். காரியம் முடிந்தவர் எல்லாருக்கும் காப்பி வாங்கித் தருவது வழக்கம். அவளும் வாங்கித் தந்தாள்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரைக் குளியல் துறையில் இருக்கும் கடையில் இருவரும் சாப்பிடப் போனோம். வழியனுப்பு விருந்து மாதிரி நான்தான் கூப்பிட்டிருந்தேன். நீள மர பெஞ்சு, நடுவில் அடுப்புமேல் உருகிய பாலாடைக்கட்டிச் சட்டி. ரொட்டித் துண்டைக் குச்சியில் குத்தி அதில் முக்கித் தின்ன வேண்டும். நான் நல்ல மனநிலையில் இருந்தேன். என்னைப் பற்றி நானே மெச்சிக்கொள்ளும் நாட்கள் வருஷத்துக்கு இரண்டு மூன்றுதான் வரும்.

"ஆறு வருஷம் பெரித்" என்றேன். "ஒரு புட்டிக்கு ஆறு வருஷம். எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. கண்ணுக்கே தெரியாத புட்டியைப் போய் ஏன் கட்டிக்கிட்டு அழுதே?"

"காலைல பேசினதைக் கேக்கலையா? உருளைக்கிழங்கு காதுலயும் போயிருச்சா?"

"காலைல நீ புள்ளிவிவரம்தான் சொன்னே. பன்னெண்டு கூட்டத்துலயும் புள்ளிவிவரம்தான் சொன்னே."

"நம்ம சபைல கதை சொன்னா எடுபடுமா? போன வருஷம் பிரேசில்காரர் ஒரு தொழிலாளியைப் பத்திச் சொன்னாரே, ஞாபகம் இருக்கா? நீதான் பலகையை நிறுத்தி, 'இது ஒரு தனி நிகழ்வு'ன்னு சொன்னே."

ஞாபகம் இருந்தது. ரொட்டியைச் சட்டிக்குள் நழுவ விட்டுவிட்டு அதைத் தேடுவது போலக் கிளறினேன்.

அவள் சொன்னாள். அமைச்சகத்துக்கு வருவதற்கு முன் அவள் ஒரு நஞ்சுத் தகவல் மையத்தில் தொலைபேசி எடுக்கிற வேலையில் இருந்தாள். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஹில்டே என்று ஒரு பெண் கூப்பிட்டாள். அவள் மகள் சுன்னிவாவுக்கு நான்கு வயது. வீட்டில் மீன்தொட்டி இருந்தது. தொட்டித் தண்ணீரைச் சோதிக்க மூன்று சொட்டுப் புட்டிகள் ஒரு பெட்டியில் வரும், அப்பா பெட்டியை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டு புட்டிகளை மட்டும் வைத்திருந்தார். அதே அப்பா மகரந்த ஒவ்வாமைக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறவர். குழந்தை அதைப் பார்த்திருக்கிறாள். இரண்டாம் எண் புட்டியை எடுத்துத் தன் வலது கண்ணில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டுவிட்டாள்.

"புட்டி மேல என்ன போட்டிருக்குன்னு கேட்டேன். ரெண்டுன்னு போட்டிருக்குன்னு அந்தம்மா சொன்னா. வேற என்ன இருக்கு, சிவப்பா கட்டம் இருக்கா, படம் இருக்கான்னு கேட்டேன். நல்லாத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு ஒண்ணுமே இல்லைன்னு சொன்னா." பெரித் குச்சியைக் கீழே வைத்தாள். "ஒண்ணுமே இல்லைன்னா என்ன அர்த்தம்? நீயும் நானும் சேர்ந்து பண்ணின ஏற்பாடுதானே. ஆபத்து இருந்தா குறி இருக்கும். குறி இல்லைன்னா ஆபத்து இல்ல. நானும் அப்படித்தான் நினைச்சேன். அஞ்சு நிமிஷம் தண்ணி விட்டுக் கழுவுங்க, அழுகை நின்னா பயப்பட வேண்டாம்னு சொல்லி வெச்சிட்டேன்."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"காரம். அமிலத்துக்கு எதிர் ஜாதி, நல்ல வீரியமானது. கொஞ்ச நேரத்துல எரிச்சல் நிக்கும், அழுகையும் நிக்கும், ஆனா உள்ள தின்னுக்கிட்டே போகும். விடாம கழுவிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு சொல்லியிருக்கணும் நான். சாயங்காலம் கண்ணு பால் மாதிரி வெளுத்துப்போனப்புறம்தான் கொண்டுபோனாங்க. இப்ப பதினாலு வயசு அவளுக்கு. அந்தக் கண்ணுல வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான்."

உன் தப்பு இல்லை என்று சொல்ல நினைத்தேன், சொன்னால் என்னை அறைந்தாலும் அறைவாள் என்று தோன்றியது. அதற்குள் என் மூளை எப்போதும் போகும் இடத்துக்குப் போய்விட்டது.

"அந்தப் புட்டி எத்தனை மில்லி?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோபமே இல்லாத சிரிப்பு.

"நாலு" என்றாள்.

சட்டியில் பாலாடைக்கட்டி கொப்புளித்தது. யாரோ எங்கள் பின்னால் ஆவிக்குளியலிலிருந்து வந்து ஏரியில் குதித்துக் கூச்சல் போட்டார்கள்.

"பெரித், ஒரு வார்த்தை. காலைல ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மூணுக்கு வந்திருப்பேனே."

"அதுக்காகத்தான் சொல்லல. மூணுக்கு வந்திருப்பே. என் புட்டி தப்பிச்சிருக்கும். அடுத்த வீட்டுல இருக்கிறது ரெண்டு மில்லி. அவங்களுக்காகப் பேச அங்க யார் உக்காந்திருக்கா? ஒரு குழந்தையைக் காட்டி ஒரு எண்ணை வாங்கறதுக்கா நான் ஆறு வருஷம் வந்தேன்?"

"அப்ப எதுக்கு அஞ்சுக்குச் சரின்னே?"

"அஞ்சும் அதுக்கு மேலயும் எத்தனை கோடிப் புட்டி இருக்குன்னு தெரியுமா உனக்கு? அத்தனையிலயும் குறி வரும். இன்னிக்கு நான் முரண்டு பிடிச்சிருந்தா எதுலயுமே வராது. ஜனவரில நான் குழாய்த் தண்ணியை மோந்து பாத்துக்கிட்டு இருப்பேன்." ரொட்டியை மறுபடி குத்தினாள். "சாப்பிடு, ஆறிப்போகுது. நாளைக்கு அறிக்கை முடிஞ்சதும் ஹில்டேக்குப் போன் பண்றேன்னு சொல்லியிருக்கேன். ஒவ்வொரு கூட்டம் முடிஞ்சதும் அவளுக்குப் பண்ணுவேன். அதுதான் என் கவலை இப்ப."

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன்பே தலைநகரத்துக்குப் பேசினேன். விலக்கே இல்லாமல் விட்டுவிடலாமா என்று கேட்டேன். என் மேலதிகாரி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், மரியாதை தெரிந்தவர்.

"பிரெபென், சுத்தியல் விழுந்தாச்சுல்ல? நீங்க பத்துலேருந்து அஞ்சுக்கு வந்ததையே நான் இங்க இன்னும் நாலு பேருக்கு விளக்கிக்கிட்டு இருக்கேன். முடிஞ்சதை நோண்டாதீங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை அறிக்கை படிக்கிற நாள். வாரம் முழுக்க முடிவானதையெல்லாம் செயலகம் எழுதிக் கொண்டுவரும், பத்தி பத்தியாகப் படித்து ஒப்புக்கொள்வோம். வார்த்தையைத் திருத்தலாம், முடிவைத் தொடக்கூடாது. தொடக்கூடாது என்று எங்கும் எழுதிவைக்கவில்லை, ஆனால் பதினெட்டு வருஷத்தில் யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. பாதிப் பேர் பெட்டியோடு வந்திருப்பார்கள், ரயிலையும் விமானத்தையும் நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

நாற்பத்தோராவது பத்தி. ஃபின்பார் படித்தார், ஐந்து மில்லி என்று முடித்தார், சுத்தியலை எடுத்தார். நான் பலகையை நிறுத்தினேன்.

"டென்மார்க்?" என்றார். கமாவோ முற்றுப்புள்ளியோ என்று நினைத்திருப்பார்.

"தலைவர் அவர்களே, இந்த விலக்கை எங்க தரப்பு கேட்டதாலதான் சேர்த்தீங்க. இப்ப அது வேண்டாம்னு கேட்டுக்கறோம். எந்த அளவு புட்டியா இருந்தாலும் குறி இருக்கட்டும். நார்வே முதல்ல கொண்டுவந்தது எப்படியோ அப்படியே."

கண்ணாடிக் கூண்டுகளில் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள். ஃபின்பார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டென்மார்க், நீங்க பழைய ஆளு, உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. இதைத் திறந்தா அஞ்சு மட்டும் திறக்காது. மொத்தப் பத்தியும் திறக்கும். யாருக்கு என்ன மனக்குறை இருக்கோ எல்லாம் வெளிய வரும். ஒரு மணிக்கு மொழிபெயர்ப்பாளருங்க போயிருவாங்க. அதுக்குள்ள உடன்பாடு வரலைன்னா இது முழுசா அடைப்புக்குறிக்குள்ள போகும். தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"தெரிஞ்சுதான்" என்றேன். உண்மையில் தெரிந்திருக்கவில்லை. விட்டுக்கொடுக்கிறவனை யார் தடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். பெரித்துக்கு ஆறு வருஷக் கடனைத் திருப்பித் தருகிற மிதப்பில் இருந்தேன்.

என் வார்த்தை முடிவதற்குள் இடது பக்கம் ஒரு பலகை நின்றது. அப்புறம் வலது பக்கம் இரண்டு. நேற்று என் பலகை அவர்களுக்காகவும் சேர்த்து நிற்கிறது என்று நம்பிப் பேசாமல் இருந்தவர்கள்தான். பூஜ்யம் என்றால் அவர்களுக்கும் ஊரில் சங்கங்கள் இருக்கின்றன. ஒருவர் எழுந்து, திறப்பதானால் நாங்கள் பத்தையே திரும்பக் கேட்போம் என்றார். இன்னொருவர், எழுத்துகூட இல்லாமல் படம் மட்டும் என்பதை நாங்கள் மனமில்லாமல்தான் ஏற்றோம் என்று ஆரம்பித்தார். ஃபின்பார் குறித்துக்கொண்டே போனார்.

அப்போது எதிரே நார்வே பலகை நின்றது.

பெரித் எழுந்திருக்கவில்லை. ஒலிவாங்கியை மட்டும் கிட்டே இழுத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"நார்வே இதை எதிர்க்குது" என்றாள். "நேத்து எடுத்த முடிவு எடுத்ததாவே இருக்கட்டும். அஞ்சு மில்லி அப்படியே நிக்கட்டும். டென்மார்க் தன்னோட கோரிக்கையைத் திரும்ப எடுத்துக்கணும்னு கேட்டுக்கறேன்."

ஃபின்பார் என் பக்கம் திரும்பினார். அரங்கு முழுவதும் திரும்பியது. ஆறு வருஷம் அவள் கேட்டதை நான் கொடுக்க முன்வந்தபோது, அவளே தன் வாயால் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நிலையில் அவளை நிறுத்திவிட்டேன். எனக்கு அழுகை வந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வந்தது.

"திரும்ப எடுத்துக்கறேன்" என்று சொல்லிப் பலகையைப் படுக்கவைத்தேன். மற்றப் பலகைகளும் ஒவ்வொன்றாகப் படுத்தன. சுத்தியல் விழுந்தது. நாற்பத்திரண்டாவது பத்திக்குப் போனோம்.

பன்னிரண்டரைக்குக் கூட்டம் முடிந்தது. மேலங்கி மாட்டும் இடத்தில் அவளைப் பிடித்தேன். கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள், அதைச் சுற்றிய வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"என்ன வேலை பண்ணினே நீ? யாரைக் கேட்டு பண்ணினே?"

"உனக்காகத்தான்..."

"எனக்காக ஒண்ணும் இல்ல. நேத்து ராத்திரி உனக்கு மனசு உறுத்திச்சு, இன்னிக்கு அதை எறக்கி வெக்க இடம் தேடினே. கிடைச்ச இடம் என்னோட ஆறு வருஷம். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா எல்லாம் போயிருக்கும், தெரியுமா?"

"தெரியும். மன்னிச்சிரு."

கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து ஒரு எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"ஹில்டே, நான்தான். முடிஞ்சிருச்சு. இல்ல, பாதிதான். அஞ்சு மில்லியும் அதுக்கு மேலயும் எல்லாத்துலயும் குறி வந்துரும். அதுக்குக் கீழ இல்ல." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆமா. அது இல்ல. அந்தப் புட்டில வராது." மறுபடி கேட்டாள். அவள் முகம் மாறியது. "அது எனக்குத் தெரியலம்மா. அந்த எண்ணைச் சொன்னவரு இங்கதான் நிக்கறாரு. அவரையே கேளு."

கைபேசியை என்னிடம் நீட்டினாள். வாங்காமல் இருக்க முடியவில்லை.

"வணக்கம்மா" என்றேன்.

"வணக்கம்" என்றது ஒரு நிதானமான குரல். "உங்களைத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும்னுதான். அஞ்சுக்குக் கீழ இருந்தா ஆபத்து குறைச்சல்னு ஏதாவது பாத்திருக்கீங்களா? எதனால அஞ்சு?"

பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ கேள்விகளுக்கு நின்ற இடத்தில் பதில் சொல்லியிருக்கிறேன். காரணமே இல்லாதபோதும் கடைசிவரை காரணம் இருக்கிற மாதிரியே பேசுவது எனக்குக் கைவந்த கலை. இடப்பற்றாக்குறை, இயந்திரங்களின் வசதி, நாடுகளிடையே சமநிலை. எல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. பெரித் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காரணம் எதுவும் இல்லம்மா" என்றேன். "எனக்குப் பத்துன்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. நான் பாதியாக் குறைச்சேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் கோபப்படவில்லை. கைபேசியை வாயிலிருந்து விலக்கிப் பக்கத்தில் யாரிடமோ சொன்னது தெளிவாகக் கேட்டது.

"பத்துல பாதியாம், சுன்னிவா."